இரவற் கூறுகள்

விழா மலரொன்றிற்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதப் புகின், சங்க இலக்கியத்தைப் பற்றியோ திருமுறைகளைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பழைய மாணவர் சங்கத்தாரும் என்னிடம் அத்தகைய ஒன்றையே வேண்டினர். ஆயினும், இவ்விழாவிற்குரிய பணிகளிற் கடந்த ஓராண்டாக ஈடுபட்டபோது யான் அறிந்துகொண்ட செய்தியொன்று, நம் கல்லூரியினின்றும் வெளியேறும் பிள்ளைகளுட் பலரின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதாகத் தோன்றிற்று. ஆதலின் அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன். கணினிச் செய்நிரல் எழுதுவோர் பிறர் எழுதிவைத்த கூறுகளை எடுத்துத் தம் ஆக்கத்துள் நிறுவிக்கொள்ளும் முறையும், அதற்கு வேண்டிய அனுமதியுமே அச்செய்தியாகும். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, வன்னிப் பாடசாலைகளில் இலக்கணம் கற்பித்து வரும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு விடை பின்னர் வரும்.

நம் கல்லூரியின் பழைய பதிவேடுகள் 1996 ஆம் ஆண்டு இடப்பெயர்விலும், 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளிலும் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. யார் எந்த ஆண்டிற் கற்றார், எங்குள்ளார் என்று சொல்ல ஏடு ஒன்றும் எஞ்சவில்லை. விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பதிவேடு ஒன்றைப் புதிதாகத் தொகுத்துக் கணினியில் ஏற்றவும், மூத்த ஆசிரியர்கட்கும் மாணவர்கட்கும் பாராட்டுப் பத்திரங்களைத் தமிழில் அச்சிட்டு வழங்கவும் சங்கம் தீர்மானித்தது. இப்பணியை என் பழைய மாணாக்கர் மூவர் ஊதியமின்றி ஏற்றனர். ஒருவர் அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் கற்றவர். மற்றவர், 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகத்திற் கற்றவர். மூன்றாமவர் உயர்தரப் பரீட்சைக்குப் பின் தாமாகவே செய்நிரல் எழுதப் பழகிக்கொண்டவர். தமிழெழுத்துக்கள் பிழையின்றி அமைகின்றனவா என்று பார்ப்பது என் பங்காயிற்று.

செய்நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவர் என்றே யான் அதுகாறும் எண்ணியிருந்தேன். உண்மை அவ்வாறன்று. வீடு கட்டும் மேசன் செங்கல்லைத் தானே சுடுவதில்லை. கதவு நிலைகளைத் தச்சரிடமும், கூரைத் தகட்டைக் கடையிலும் பெறுகின்றான். அவ்வாறே இவர்களும் தரவுகளைச் சேமிக்க ஒரு கூறு, அச்சுப் பக்கத்தை ஆக்க ஒரு கூறு, அட்டவணை காட்ட ஒரு கூறு என்று பிறர் செய்தவற்றைக் கொண்டுவந்து பொருத்துகின்றனர். கட்டளை ஒன்றைத் தட்டியவுடன் அக்கூறு இணையத்தின் வழியே வந்து அமர்கின்றது. அக்கூறு வேறு பத்தினை நம்பியிருக்கும். அவை ஒவ்வொன்றும் இன்னும் சிலவற்றை நம்பியிருக்கும். எங்கள் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்டவை பன்னிரண்டு. அவற்றின் பின்னே வந்து நின்றவை நானூற்றுக்கு மேற்பட்டவை. பன்னிரண்டு பேருக்கு அழைப்பு விடுத்த வீட்டில் நானூறு பேருக்குப் பந்தி போட்ட கதையாயிற்று. அவர்கள் யாவரும் யார், எந்த நிபந்தனையோடு வந்துள்ளனர் என்று வீட்டுக்காரன் அறியவேண்டாவோ?

நிற்க. தமிழாசிரியனுக்கு இதில் உள்ள வேலையைச் சொல்வேன். தமிழில் ‘கொ’ என்று எழுதும்போது ககரத்தின் முன்னே ஒற்றைக் கொம்பும் பின்னே காலும் நிற்கின்றன. ஒருங்குறி முறையிலோ முதலிற் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் என்ற ஒலிமுறை வரிசையே சேமிக்கப்படும். அதனைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு, கண்ணுக்குரிய வடிவமாக்கும் வேலையை ஒரு கூறு செய்தல் வேண்டும். ஹார்வ்பஸ் என்னும் திறந்த கூறு இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. பயர்பொக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளும் அன்ட்ராயிட் கைப்பேசிகளும் தமிழை ஒழுங்காகக் காட்டுவது அதன் துணையால் ஆகும். நாள்தோறும் நாம் கைப்பேசியிற் படிக்கும் செய்திக்கும் மடலுக்கும் பின்னால் அது நிற்கின்றது. அதன் பெயரைக் கேள்விப்பட்டவர் நம்முள் மிகச் சிலர். அத்தகைய துணையில்லாத அச்சுக் கூறொன்றை எங்கள் பிள்ளைகள் முதலிற் சோதித்தபோது, கொம்புகள் எழுத்துக்குப் பின்னாற் போய் நின்றன. காலமான ஆசிரியர் ஒருவரின் பெயரே அவ்வாறு சிதைந்து வந்தது. பாராட்டுப் பத்திரத்தில் ஒருவர் பெயரைச் சிதைத்துக் கொடுப்பதினும் கொடாதிருப்பது நன்று.

பின்னர் வேறொரு கூறு கிடைத்தது. அது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றினது, விலைக்கு விற்கப்படுவது. தமிழும் அழகாக வந்தது. அட்டவணைகளும் ஒழுங்காக அமைந்தன. ஆயின், விலை கொடுக்குமட்டும் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் ‘பரீட்சார்த்தப் பதிப்பு’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுத்து விழுந்தது. உரிமம் செய்நிரலாளர் தலைக்கு ஒன்றாகக் கணக்கிடப்படுவது. கட்டுபவர் மூவராயின் மூன்று உரிமங்கள் வேண்டும். கட்டி முடித்ததைப் பயன்படுத்துவோர் எத்தனை பேராயினும் அவர்கட்கு உரிமம் வேண்டுவதில்லை. ஒன்று ஆயிரம் அமெரிக்க டொலருக்கு அணித்தானது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் டொலர் ஒன்று 300 ரூபா அளவில் நிற்கும் காலத்தில், மூன்றும் ஒன்பது இலட்சம் ரூபா ஆகும். மலர் அச்சிடும் செலவே அத்துணை ஆகாது.

அவ்வேளையில் ஒருவர், அந்நிறுவனத்தின் பூட்டை உடைத்துச் செய்த சாவியொன்று தம் நண்பரிடம் உண்டென்றும், அதனை இட்டால் குறுக்கெழுத்து மறைந்துவிடும் என்றும் செயற்குழுவிற் கூறினார். பொருளாளர் மூத்தவர், கல்லூரிக்காகத் தம் காணியையே ஈடுவைத்த நல்லவர். அவர் என்னைப் பார்த்து, “ஆர் வந்து பார்க்கப் போகினம், மாஸ்ரர்? நாங்கள் என்ன கடை வைச்சு விக்கிறமோ?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. போரிற் சகலமும் இழந்த பிரதேசத்தின் பாடசாலை ஒன்று, கடல் கடந்த செல்வ நிறுவனத்துக்கு ஒன்பது இலட்சம் கொடுப்பதெங்ஙனம்? கூட்டத்திற் பலர் தலையசைத்தனர்.

தலையசையாதவர் மூன்றாம் மாணாக்கர் ஒருவரே. அவர் பின்னர் என்னிடம் தனியே சொன்ன காரணம் இது. கொழும்பில் நிறுவனம் ஒன்றில் அவர் ஈராண்டு வேலை பார்த்தார். அங்கே ஓர் உரிமத்தின் சாவியைப் பதினொரு கணினிகளில் இட்டு வேலை வாங்கினர். மேலாளர் சொற்படி அச்சாவிகளை இட்டவர் இவரே. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், தமக்குச் செய்து தரப்பட்ட மென்பொருளினுள் யார் யாருடைய கூறுகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் அனுமதி எங்கே என்று பட்டியல் கேட்டபோது, குற்றம் இவர் தலையில் விழுந்தது. கட்டளையிட்டவர் எழுத்தில் எதுவும் தரவில்லை. கணினியில் இருந்தது இவர் பெயர். வேலை போயிற்று, நற்சான்றுக் கடிதமும் கிடைக்கவில்லை. தந்தையை இழந்த குடும்பத்தின் மூத்த பிள்ளை அவர். “அதுக்குப் பிறகு ஒரு சாவியைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும், சேர்” என்றார். அவ்வார்த்தை எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது. கல்லூரி விழாவின் பெயரால் அதே செயலை அதே பிள்ளையின் கையாற் செய்விக்க நாம் முனைந்திருந்தோம்.

இதனைத் தமிழ் மரபு எங்ஙனம் நோக்கும் என்று எண்ணினேன். நன்னூற் பாயிரம் நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக வகுக்கின்றது. பிறர் நூலைத் தழுவி எழுதுவதை நம்மவர் இழுக்காகக் கருதவில்லை. ஆயின், எதன் வழி வந்தது என்று சொல்வதை நூலின் பாயிரத்துக்கே உரிய இலக்கணமாக்கினர். 1887 இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களின் முகவுரைகளில் ஏடு உதவியவர்களின் பெயர்களை ஊரோடு குறித்து வைத்தார். ஓர் ஏட்டைத் தந்தவரையும் மறவாத அம்முறையே, இன்று செய்நிரலாளர் தம் ஆக்கத்தோடு சேர்த்து வழங்கவேண்டிய ‘உரிமைக் குறிப்பு’ ஆகும். நாட்டின் சட்டமும் இதனையே நினைப்பூட்டுகின்றது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினிச் செய்நிரல்களை நூல்களோடும் கட்டுரைகளோடும் ஒரே வரிசையில் வைத்துக் காக்கின்றது. ஆக்கியோன் வாழ்நாளும் அதன்மேல் எழுபது ஆண்டுகளும் அப்பாதுகாப்பு நிற்கும். ஆதலின் செய்நிரல் ஒன்று இணையத்தில் எவரும் காணத் திறந்து கிடப்பதால் மட்டும் அதனை எடுத்தாள உரிமை பிறவாது. அனுமதி எழுதப்படாதவிடத்து அனுமதி இல்லை என்பதே கொள்ளத்தக்கது.

யான் குழுவினிடம் இரு வாரம் தவணை கேட்டேன். அவ்விரு வாரமும் மாலைதோறும் மாணாக்கர் மூவரும் யானும் அமர்ந்து, வந்து நின்ற கூறுகளின் அனுமதிப்பத்திரங்களைப் படித்தோம். அவர்கள் ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் சொல்ல, யான் தமிழில் எழுதினேன். நானூறு என்று அஞ்சியது வீண். பத்திரங்கள் பெரும்பாலும் நான்கைந்து வகையுள் அடங்கின.

முதல் வகை எம்.ஐ.ரி., பி.எஸ்.டி. என்னும் பெயருடையன. இவை மிகச் சுருங்கியவை. எடுத்தாள்க, மாற்றுக, விற்க. ஆனால் ஆக்கியோன் பெயரையும் இவ்வனுமதியையும் உடன்வைத்து வழங்குக என்பதே இவற்றின் சாரம். இரண்டாவது, 2004 இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. இது மாற்றிய இடத்தை மாற்றினேன் என்று குறிக்கச் சொல்கின்றது. புத்தாக்கக் காப்புரிமை பற்றியும் பேசுகின்றது. மூன்றாவது, றிச்சேட் ஸ்ரோல்மன் 1989 இல் முதற்கண் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமம். அதன் இரண்டாம் பதிப்பு 1991 இலும் மூன்றாம் பதிப்பு 2007 இலும் வந்தன. இக்கூறு கலந்த ஆக்கத்தைப் பிறருக்கு வழங்குவோன், முழு ஆக்கத்தின் மூல நிரலையும் அதே உரிமையோடு அவர்கட்குத் தரல் வேண்டும். தனக்குள்ளே வைத்துப் பயன்படுத்துவோனை அது வருத்தாது. நான்காவது வகையே விலைக்குரியது. அங்கே எத்தனை செய்நிரலாளர், எத்தனை சேவையகம், எத்தனை ஆண்டு என்பன யாவும் கணக்கு. சாவியை நம்பிக்கைப் பொருளாகக் காத்தலும் வாங்கினோன் கடமை. பொது இடத்தில் வைத்த நிரலோடு சாவியையும் வைத்துவிடுவது வீட்டுத் திறப்பை வாசற்படியில் விடுவது போலாகும்.

இவற்றை வன்னிப் பிள்ளைகட்கு விளக்க அயலிலிருந்து உவமை தேடவேண்டா. சிறுபோகத்துக்கு முன் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பார்த்துக் கமக்காரர் கூட்டம் கூடி, இன்ன வாய்க்காலுக்கு இத்தனை ஏக்கர் என்று பங்கு தீர்மானிக்கின்றது. நீர் கமக்காரனுடைய சொத்தன்று. பயன்படுத்தும் உரிமையே அவனுடையது. அவ்வுரிமைக்கு அளவும் காலமும் நிபந்தனையும் உண்டு. இரவில் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புபவனுக்கு அன்றிரவு நட்டமில்லை. கடைமடைக்காரன் வயலே காய்கின்றது. உடைத்த சாவியும் அத்தகையதே. வாங்க இயலாதவன் திறந்த உரிமமுள்ள கூறுகளைத் தேடாது பூட்டை உடைக்கப் பழகினால், திறந்த கூறுகளைப் பேணுவோர்க்குத் துணை குறைகின்றது. நம் பிள்ளைகள் கற்கவேண்டிய தொழிலும் கற்கப்படாது போகின்றது.

எழுத்துருக்களிலும் இக்கேள்வி எழுந்தது. இலங்கைத் தமிழர் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்து வந்துள்ளனர். நம் கல்லூரியின் பழைய அறிக்கைகள் சிலவும் அதிலேதான் எஞ்சின. பாமினி இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினோம். எங்கள் கைக்கு வந்த பாமினிப் பிரதிகளோடு அனுமதிப்பத்திரம் ஒன்றும் வரவில்லை. ஆதலாற் புதிய பதிவேட்டில் அதனை வையாது விட்டோம். விண்டோஸ் 2000 முதல் உடன்வரும் லதா எழுத்துருவும் அக்கணினியிற் பயன்படுத்துவதற்குரியதே அன்றி, நாம் பிரித்தெடுத்துப் பிறர்க்கு வழங்குவதற்குரியதன்று. இறுதியில் நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொண்டோம். அது 2015 முதல் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் உள்ளது. எழுத்துருவைத் தனியே விற்றலாகாது. மென்பொருளோடு சேர்த்து வழங்கலாம் என்பது அவ்வுரிமத்தின் விதிகளுள் ஒன்று.

குழு மீண்டும் கூடியபோது, விலைக்குரிய கூறை நீக்கி, திறந்த கூறுகளைக் கொண்டே பணியை முடிப்பதென்று தீர்மானம் ஆயிற்று. இதற்குக் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. வாங்கும் கூறு ஒரே நாளில் ஆக்கிய அட்டவணைகளை எங்கள் பிள்ளைகள் ஐந்து வாரம் இரவிற் கண்விழித்து எழுதினர். தைப்பொங்கலன்று வழங்கவிருந்த பத்திரங்கள் பங்குனியிலேதான் வழங்கப்பட்டன. அவ்விடைக்காலத்தில் முதிய ஆசிரியர் ஒருவர் காலமானார். அவர் பத்திரத்தை அவர் மகள் வந்து பெற்றுச் சென்றார். அத்தாமதம் இன்றும் எங்கள் மனத்தை வருத்துகின்றது. எனினும் பொருளாளர் அப்பத்திரத்தைக் கையளிக்கும்போது, “பேர் ஒரு கொம்பும் பிசகாமல் வந்திருக்கு” என்று சொன்னார். பத்திரத்தில் எவருடைய உழைப்பும் களவாக இல்லை என்பதை அவர் வேறு வகையாகச் சொன்னார் என்றே கொண்டேன்.

கூறுகளை நிறுவும் முறையிலும் சில கற்றோம். பின்வரும் பிள்ளைகட்கு அவை உதவுமாதலின் குறிக்கின்றேன். 2016 மார்ச்சில், பெயர் பற்றிய பிணக்கால் மனம் நொந்த செய்நிரலாளர் ஒருவர், ‘லெப்ற்-பாட்’ என்னும் பதினொரு வரிக் கூறொன்றைப் பொதுக் களஞ்சியத்தினின்று நீக்கினார். அதனை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான ஆக்கங்கள் உலகெங்கும் சில மணி நேரம் கட்டமுடியாது நின்றன. 2021 டிசெம்பரில், ஜாவா மொழியில் எழுதுவோர் பரவலாகக் கொண்டிருந்த லொக்4ஜே என்னும் கூறிற் பெருந்துவாரம் ஒன்று கண்டறியப்பட்டது. தம் ஆக்கத்துள் அக்கூறு எங்கே உள்ளது என்றறியாத நிறுவனங்கள் பகலிரவாகத் தேடின. ஆதலின் எதை நிறுவினோம், எந்தப் பதிப்பு, எங்கிருந்து, எந்த உரிமம் என்று ஏடு வைத்தல் இன்றியமையாதது. எங்கள் பிள்ளைகள் பதிப்பெண்களைப் பூட்டி வைத்தனர். எல்லாக் கூறுகளின் பிரதியையும் அனுமதிப்பத்திரங்களோடு தனியே சேமித்தனர். இணையம் அறும் நாளிலும் பதிவேட்டை மீளக் கட்டலாம். ஏடுகளை இருமுறை இழந்த கல்லூரிக்கு இப்பாதுகாப்பு மிகையன்று.

பெறுதலைப் பற்றியே பேசினேன், கொடுத்தலும் உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்ததை நாம் மறவோம். அப்பேரழிவின் பின் கொழும்பிலே கணினித் தொண்டர்கள் கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவதற்கு ‘சஹன’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேசன் அதனை வளர்த்தது. பிறர் தந்த திறந்த கூறுகளின்மேற் கட்டப்பட்டு, திறந்த உரிமத்தோடே உலகுக்குத் தரப்பட்டமையால், 2005 இற் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2006 இற் பிலிப்பைன்சில் மண் சரிந்தபோதும் அது அங்குள்ளோர்க்குக் கைகொடுத்தது. நம் கரையின் துயரிலிருந்து பிறந்த பொருள், கேளாமலே பிறர் துயருக்குச் சென்று உதவியது.

அதனை நினைந்து எங்கள் பிள்ளைகளும் சிறிது கொடுத்துள்ளனர். பெயர்களை அகரவரிசைப்படுத்த ஐ.சி.யு. என்னும் திறந்த கூறைக் கொண்டனர். ஒருங்குறி எண்களின் வரிசையில் நகரத்தை அடுத்தே னகரம் வந்துவிடும். நெடுங்கணக்கிலோ னகரம் இறுதி மெய். ஐ.சி.யு. நெடுங்கணக்கு முறையிலேயே வரிசைப்படுத்துகின்றது. ஆயின் நம் வழக்கிற் பெயருக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து நிற்பதால், அதனை ஒதுக்கிப் பெயரால் வரிசைப்படுத்த இருநூறு வரிக்கு உட்பட்ட சிறு நிரலொன்றை எழுதினர். அதனை எம்.ஐ.ரி. உரிமத்தில் எவரும் எடுத்தாள வெளியிட்டுள்ளனர். வேலையிழந்து கை நடுங்கிய மாணாக்கரின் பெயரே அதன் உரிமைக் குறிப்பில் முதலில் நிற்கின்றது. இப்போது வேலை தேடி விண்ணப்பிக்கும்போது அதனையே தம் நற்சான்றாகக் காட்டுகின்றார்.

வெளிநாடுகளில் மென்பொருள் துறையில் உயர்ந்து விளங்கும் நம் பழைய மாணவர்கட்கு ஒரு விண்ணப்பம். கட்டடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் வாரி வழங்கும் நீங்கள், ஆண்டுக்கு ஒரு மாலையேனும் நம் உயர்தர மாணவர்கட்கு அனுமதிப்பத்திரம் ஒன்றை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். விலைகொடுத்தே பெறவேண்டிய கூறு ஒன்று கல்லூரிக்குத் தேவைப்படின், அதன் உரிமத்தைக் கல்லூரியின் பெயரில் வாங்கித் தாருங்கள். பதிவேட்டின் இறுதிப் பக்கங்களிற் கூறுகளின் பெயரும் ஆக்கியோர் பெயரும் பன்னிரண்டு பக்கங்கள் அச்சிடப்பட்டுள்ளன. பெரும்பாலோர் நாம் ஒருகாலும் காணாத மனிதர். நம் ஊரின் பெயரைக் கேட்டும் அறியார். பதிவேட்டைப் புரட்டித் தம் பெயரைத் தேடும் அன்பர்கள் அப்பன்னிரண்டு பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். நம் கல்லூரி நீடு வாழ்க!